கையில் ஏந்திய நாய்க்குட்டி



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து நான் வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னை அணுகினார். "சாமி, பிள்ளைகள் கெஞ்சிக் கேட்டதால் ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம். ஊசியெல்லாம் போட்டு முடிக்கும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்கிறார் என் மாமியார். வெளியுலகம் பாராமல் வளர்ந்தால் முரடாகிவிடும் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?" என்று வினவினார்.

"இருவர் சொல்வதும் சரி" என்றேன். இரண்டு குட்டிகளை வளர்த்துத் தவறிழைத்த பின்னரே நான் இவ்விடையைக் கற்றேன்.

முதற்குட்டி பங்கு இல்லத்துக்கு வந்தபோது அதற்கு 9 வாரம். ஓர் ஊசி போட்டாயிற்று, இனி அச்சமில்லை என்றெண்ணி, மாலை வேளைகளில் சிறுவர்கள் அதைத் தெருவில் நடத்திச் செல்ல விட்டுவிட்டேன். பத்தே நாளில் அது உணவை வெறுத்தது. வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் கண்டன. பார்வோ நோய் என்றார் மருத்துவர். நான்காம் நாள் அது இறந்தது.

மனம் நொந்த நான், அடுத்த குட்டியைப் பின்கட்டில் அடைத்து வைத்தேன். ஊசிகள் யாவும் முடியும்வரை சமையற்காரரையும் என்னையும் தவிர வேறெவரையும் அது கண்டதில்லை. உடல் நலமாகத்தான் வளர்ந்தது. ஆயினும் குடையைக் கண்டால் நடுங்கும். தலைக்கவசம் அணிந்தவரைக் கண்டால் உறுமும். ஒரு மழைநாளில், குடையுடன் வந்த பீடச் சிறுவனின் கையைக் கடித்துவிட்டது. அவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிகள் போட நேர்ந்தது. அவன் தாயை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. குற்றம் நாயினுடையதன்று, என்னுடையது.

ஓர் ஊசி ஏன் போதாது? தாய்நாய் தன் சீம்பால் வழியே குட்டிக்கு நோயெதிர்ப்பு ஆற்றலை அளிக்கிறது. அவ்வாற்றல் உடலில் நிலைத்திருக்கும்வரை, ஊசி மருந்தையும் அது வேலை செய்யவிடாது. அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகின்றனர். இடையே, தாயின் காப்பும் இன்றி, ஊசியின் காப்பும் இன்றிக் குட்டி நிற்கும் நாள்கள் உண்டு. பார்வோ நச்சுயிரோ நோயுற்ற நாயின் மலத்தின் வழியே மண்ணில் கலந்து, பல மாதம் அழியாமல் தங்கும்.

மறுபுறம், குட்டியின் மனத்துக்கும் ஒரு பருவம் உண்டு. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர்கள் பல்லாண்டுகள் நாய்களை ஆராய்ந்து, 1965-இல் நூலொன்று வெளியிட்டனர். ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையே குட்டி புதியனவற்றை எளிதில் ஏற்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. ஊசி முடிவது 16-ஆம் வாரம். பழகும் பருவம் கழிவதோ அதற்கு முன்பே. ஊசி முடியட்டும் எனக் காத்திருப்பவர், விதைப்புக் காலம் கடந்தபின் ஏர் பூட்டுபவரை ஒப்பர். இதனாற்றான் அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கமும், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்தபின் குட்டியைப் பாதுகாப்புடன் பழக்கத் தொடங்கலாம் என 2008-இல் அறிவித்தது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வெளியே கொண்டு செல்லுங்கள். ஆனால் தரையில் விடாதீர்கள். நம் கோவிலம்பாக்கத்தில் தெருநாய்கள் படுக்காத திண்ணையும் இல்லை, மோந்து பாராத குப்பைத்தொட்டியும் இல்லை. ஆதலின் குட்டியைக் கையிலோ கூடையிலோ ஏந்திச் செல்லுங்கள். 200 அடிச் சாலையின் லாரி இரைச்சலை எட்ட நின்று அது கேட்கட்டும். குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய முதியவர், தலைக்கவசம் அணிந்தவர், பள்ளிப் பிள்ளைகள் ஆகிய அனைவரையும் காணட்டும். அஞ்சினால் வற்புறுத்தாது சற்று விலகி நின்று, ஒரு வாய்த் தீனி கொடுங்கள். தெருநாய் ஏறிவராத மொட்டை மாடியில் ஓடி விளையாட விடலாம். ஊசிகள் முறையாகப் போடப்பட்ட, நோயற்ற நாய் உறவினர் வீட்டில் இருப்பின், அதனோடும் பழக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றும் நம் நல்வழக்கத்தை விருந்தினரும் தவறாது கைக்கொள்ளட்டும். அவர்கள் கை கழுவிய பின்னரே குட்டியைத் தொடட்டும். மருத்துவமனையிலும் குட்டி உங்கள் மடியிலேயே இருக்கட்டும். நோயுற்ற நாய்கள் வந்துபோகும் தரை அது.

ரேபிஸ் ஊசி 3 மாத வயதில் போடப்படும், அதை மறவாதீர்கள். குட்டிதானே என்று அதன் கடியையோ கீறலையோ அலட்சியம் செய்யாதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நேற்று மாலை அத்தாய் ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் ஆலய வாயிலில் நின்றிருந்தார். என் வெள்ளை அங்கியைக் கண்ட குட்டி முதலில் தலையை உள்ளிழுத்துக்கொண்டது. நான் அசையாது நின்றேன். சற்று நேரத்தில் மெல்ல எட்டிப் பார்த்து, என் விரலை மோந்து, கொட்டாவி விட்டது. அருகே நின்ற பீடச் சிறுவன், தழும்புள்ள தன் கையை நீட்டி அதைத் தடவிக் கொடுத்தான்.