நெற்றி வியர்வை உப்புக் கரிக்கிறதா?

பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறது. ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. சளியும் இருமலும் விட்டபாடில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு நாறுகிறது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், பாட்டி "சீர் தட்டிவிட்டது" என்பாள். பக்கத்து வீட்டார் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்பார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் தாய் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்தமிடும்போது நெற்றி மிகவும் உப்புக் கரிக்கிறதா? வியர்வை காய்ந்ததும் தோலில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? இதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. அது தொற்றாது, பிறவியில் வருவது. நுரையீரலில் சளி பசைபோல் இறுகுகிறது. கணையத்தின் சாறு குடலுக்கு வராமல் அடைபடுகிறது. தாய், தந்தை இருவரிடமும் பழுதான ஜீன் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே முடிப்பதால் இந்த ஆபத்து கூடுகிறது. சொத்து வெளியே போகக்கூடாது என்கிறோம். நோயும் போவதில்லை!

1948-ம் ஆண்டு நியூயார்க்கில் கடும் வெயில். துவண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்தது. அவர்கள் வியர்வையில் உப்பு மிகுதி என்று டாக்டர் பால் டி சான்ட் ஆக்னீஸ் 1953-ல் அறிவித்தார். அதிலிருந்து வந்ததே வியர்வைப் பரிசோதனை. ஊசி கிடையாது. கையில் மருந்து வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, வியர்வையைச் சேகரிக்கிறார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் குளோரைடு இருந்தால் நோய் என்று கொள்வார்கள். 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை.

இடையில் வந்தால்? அங்கேதான் வம்பு! "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று சீட்டு வருகிறது. ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே, "அப்பாடா, ஒன்றுமில்லை" என்று சீட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிடத் தோன்றும். கூடாது! 42 என்றால் "இல்லை" என்று பொருளல்ல. "இன்னும் பார்" என்று பொருள். மிகவும் மெலிந்த குழந்தைக்கு எண் பொய்யாகக் கூடும். உடம்பு நீர்கோத்து வீங்கிய குழந்தைக்குப் பொய்யாகக் குறையும். சில சமயம் வியர்வையே போதாது. வேறொரு நாள் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

பிறகு ஜீன் பரிசோதனை. அதிலும் ஒரு சங்கதி உண்டு. மேல்நாட்டாரிடம் அதிகம் காணும் சில பழுதுகளை மட்டும் தேடினால், நம் பிள்ளையின் பழுது சிக்காமல் போகலாம். ஜீன் முழுவதையும் படிக்க முடியுமா என்று கேளுங்கள். இந்த நோய்க் குழந்தைகளைப் பார்க்கும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி காஞ்சியிலிருந்து 70 கிலோமீட்டர் அளவுதான். பழைய சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். காசநோய் மருந்து கொடுத்து வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முடிவு தெரியும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. செரிமான மருந்து, சளி எடுக்கும் பயிற்சி, சத்தான சாப்பாடு இவற்றைத் தேவைக்கேற்ப டாக்டர் தொடங்குவார். சித்திரை வெயிலுக்கு முன்பே, பிள்ளைக்கு எவ்வளவு உப்பும் தண்ணீரும் கொடுப்பது என்று அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.