நடைக்கு ஒரு பாட்டுப்பெட்டி



சென்ற இதழில் நடைப்பயிற்சி பற்றி எழுதியிருந்தேன். நாளுக்கு 30 நிமிடம், கிழமைக்கு 5 நாள் சற்று வேகமாக நடந்தால் 150 நிமிடம் வரும். வளர்ந்த ஒருவருக்கு ஆகக்குறைந்தது இவ்வளவு உடற்பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை வாசித்துவிட்டு என்னோடு கதைத்த சகோதரிகள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "தனிய நடக்க மனம் வருகுதில்லை. பாட்டுக் கேட்டபடி நடக்கலாமோ? அதுக்கு என்ன வாங்கிறது?"

தாராளமாக நடக்கலாம். பாட்டின் தாளம் காலுக்கு ஒரு சீரைக் கொடுக்கிறது, களைப்பை மறக்கச் செய்கிறது. பாரிசவாதம் வந்தவர்களை மீண்டும் நடக்கப் பழக்கும்போதுகூட இயன்மருத்துவர்கள் தாளத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எதை வாங்குவது என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல், நம்முடைய உடல், நாம் நடக்கும் பாதை, வீட்டு நிலைமை மூன்றையும் பார்த்து நாமே தீர்மானிக்க வேண்டும்.

கையில் ஏற்கனவே போன் இருந்தால் அதுவே போதும் என்று பலர் நினைப்பார்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு போன் இருந்தால் சரிதான். ஆனால் பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான். பிள்ளை படிப்பதும் அதில், கடன் கட்டச் சொல்லி அழைப்பு வருவதும் அதில். நடக்கும்போது அது நான்கு தரம் அடித்தால் நடை குழம்பிவிடும். நாள் முழுவதும் மற்றவர்களுக்காக ஓடும் பெண்ணுக்கு அந்த அரைமணி நேரமாவது அவளுக்கென்று இருக்க வேண்டும். அதனால்தான் பாட்டுக்கு மட்டும் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பது நல்லது என்கிறேன். எஃப்.எம். வானொலி மட்டும் உள்ள சட்டைப்பை றேடியோவும் இதற்குப் போதும்.

1979 ஆம் ஆண்டு ஜப்பானில் சொனி நிறுவனம் வோக்மனை வெளியிட்ட பிறகுதான் நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் பரவியது. அதில் கசற் சுழல வேண்டும். பிறகு வந்த சீடி பிளேயர் ஓடும்போது குலுங்கினால் பாட்டு வெட்டி வெட்டிப் பாடும். எம்பி3 கருவியில் பாட்டு ஒரு சின்ன நினைவகச் சில்லில் இருக்கிறது. உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் எவ்வளவு குலுங்கினாலும் பாட்டுத் தடைப்படாது. 1998 இல் கொரியாவில் இருந்து வந்த முதல் எம்பி3 கருவியில் 32 மெகாபைற் இடம்தான் இருந்தது. அதில் கிட்டத்தட்ட அரைமணி நேரப் பாட்டுகளே பிடிக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் 16 ஜிபி, 32 ஜிபி என்று சொல்லிக் கூடிய விலைக் கருவியைக் காட்டுவார்கள். சாதாரண தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைற் போதும். ஒரு ஜிபியில் சுமார் 250 பாட்டுகள் அடங்கும். அரைமணி நடைக்கு ஏழெட்டுப் பாட்டுகள்தான் தேவை. ஆகவே இடத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

மின்சக்திக்குத்தான் கவனம் வேண்டும். 1990 இற்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதையும் கண்டோம். எனவே வாங்கும்போது ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் பாடும் என்று கேளுங்கள். வீட்டில் உள்ள போனின் சார்ஜர் வயரே அதற்கும் பொருந்தினால் இன்னும் வசதி. வெளிநாட்டு உறவினர் பழைய ஐபொட் ஒன்றைத் தருவதாகச் சொன்னால் முதலில் பற்றரியைச் சோதித்துப் பாருங்கள். ஐபொட் உற்பத்தி 2022 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழுதான பற்றரியை மாற்றுவது சிரமம்.

அடுத்தது பொத்தான். கடையிலேயே கருவியைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தவும் சத்தத்தைக் குறைக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். பார்வை இழந்தவர்களுக்கும் ஒரு கை இழந்தவர்களுக்கும் தொடுதிரையை விடத் தடவி அறியக்கூடிய பொத்தான்களே உதவும். ஊன்றுகோலோடு நடப்பவர்கள் கையில் எதையும் பிடிக்கக் கூடாது. பின்பக்கத்தில் கிளிப் உள்ள கருவியாக வாங்கிச் சட்டையில் மாட்டுங்கள். நடந்து முடிந்ததும் வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டால் நீண்ட நாள் பாவிக்கலாம்.

இனி மிக முக்கியமான விடயம், காது. செல்லடியிலும் குண்டுவீச்சிலும் அகப்பட்டவர்களில் பலருக்கு வெளியே காயம் இல்லாவிட்டாலும் செவிப்பறை பாதிக்கப்பட்டிருக்கும். வெடிப்பின் அமுக்கம் உடலில் முதலில் தாக்கும் உறுப்புகளில் செவிப்பறையும் ஒன்று. காதில் இரைச்சல், சீழ் வடிதல், ஒரு பக்கம் மந்தமாகக் கேட்டல் இருந்தால் இயர்போன் வாங்க முன்னர் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குச் செல்லுங்கள். சீழ் வடியும் காதுக்குள் எதையும் செருகக் கூடாது. கேட்கவில்லை என்பதற்காகச் சத்தத்தைக் கூட்டினால் மிச்சமிருக்கும் கேள்விறனும் போய்விடும்.

நல்ல காது உள்ளவர்களுக்கும் அளவு உண்டு. 80 டெசிபல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலுக்குப் போனால் 4 மணி நேரம்தான் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. கருவியின் முழுச் சத்தத்தில் 60 வீதத்தைத் தாண்ட வேண்டாம். பக்கத்தில் வருபவர் சாதாரணமாகக் கதைப்பது உங்களுக்குக் கேட்க வேண்டும்.

வீதியில் ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுங்கள். நடைபாதை இல்லாத வீதியில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும். அப்போது வீதி இருப்பது உங்கள் இடப்பக்கத்தில். ஆகவே இடக்காது திறந்திருக்கட்டும், பாட்டு வலக்காதில் இருக்கட்டும். ஒரு காது மந்தமானவர்கள் வீதியில் இயர்போனைத் தவிர்த்துவிடுங்கள். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் நின்று, இயர்போனைக் கழற்றி, இரு பக்கமும் பார்த்த பின்னரே கடவுங்கள். பாட்டுக் கேட்கும் மயக்கத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள குறுக்குப் பாதையில் இறங்கிவிடாதீர்கள்.

பின்னால் யார் வருகிறார்கள் என்று கேட்காவிட்டால் நெஞ்சு படபடக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. நாம் கடந்து வந்ததை நினைத்தால் அது இயல்பானது. அப்படியானவர்கள் தங்களை வற்புறுத்த வேண்டாம். ஒரு சின்ன ஒலிபெருக்கியை முற்றத்தில் வைத்து வளவைச் சுற்றி நடவுங்கள். இரண்டு மூன்று அயலவர் சேர்ந்தால் இன்னும் நல்லது.

பாட்டைத் தெரிவு செய்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. சற்று வேகமான நடை என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி. மணிக்கூட்டைப் பார்த்து 15 செக்கனுக்குப் பாட்டின் தட்டை எண்ணுங்கள். 25 வந்தால் அது 100 அடி நடைக்குப் பொருந்தும். செயற்கைக்கால் பொருத்தியவர்களும் புதிதாக நடக்கத் தொடங்குபவர்களும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டாம். முதலில் உங்களுக்கு இதமான வேகத்தில் நடந்து அடிகளை எண்ணி, அதற்கேற்ற பாட்டைத் தேடுங்கள். பாட்டை எட்டிப்பிடிக்க ஓடினால் பொய்க்கால் உரசிப் புண் வரும்.

சில பாட்டுகள் இழந்தவர்களை நினைவுபடுத்தும். அழுகை வந்தால் வரட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பாட்டு ஒவ்வொரு நாளும் நடையை நிறுத்தி உட்கார வைக்கிறது என்றால், அதை வேறொரு நேரத்துக்கு வைத்துவிட்டு நடைக்கு வேறு பாட்டு எடுங்கள். எந்தப் பாட்டு என்பதைப் பிள்ளைகளோ கடைக்காரத் தம்பியோ தீர்மானிக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த எட்டுப் பாட்டுகளை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய் ஏற்றச் சொல்லுங்கள்.

கருவி வாங்கக் காசு சேரும்வரை நடையைத் தள்ளிப்போடாதீர்கள். வாயால் முணுமுணுத்தபடியும் நடக்கலாம். அடுத்த இதழில் நடைக்கேற்ற செருப்பு பற்றிப் பார்ப்போம்.