குஞ்சு பிழைக்க வேண்டும்



இந்த மாதத் தபாலில் கொல்கத்தாவின் பாலிகஞ்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே பல காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துத் தாய். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு வாத்துக்குஞ்சு வாங்கியிருக்கிறார்கள். சில நாளிலேயே அது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. சரியாகத் தின்பதில்லை, ஓயாமல் கத்துகிறது. “பால் சோறு ஊட்டுகிறோம், தினமும் குளிப்பாட்டுகிறோம், குழந்தை மடியைவிட்டு இறக்குவதே இல்லை. இன்னும் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டிருந்தார். அவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டோம். ஆனால் இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. அதனால்தான் இந்தப் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

பாலிகஞ்ச் மாநகரத்தின் நடுவே இருந்தாலும் வாத்துக்கு அந்நியமான ஊர் அல்ல. கானிங், டயமண்ட் ஹார்பர் பக்கமிருந்து வரும் புறநகர் ரயில்கள் பாலிகஞ்ச் சந்திப்பைத் தொட்டுத்தான் சியால்டா போகின்றன. அவை புறப்பட்டு வரும் தெற்கு 24 பர்கானா கிராமங்களில் வீட்டை ஒட்டிய குளமும் அதில் மேயும் நாலைந்து வாத்தும் சாதாரணக் காட்சி. வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு அந்த முட்டைக் காசு உதவுகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 3 கோடியே 35 லட்சம் வாத்துகள் இருக்கின்றன. அவற்றை அதிகம் வளர்ப்பதில் மேற்கு வங்கமும் அசாமும் முன்னணியில் நிற்கின்றன. 1954 அக்டோபரில் இதே பகுதியின் ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் மோதி, சில நாளில் உயிர்விட்ட கவிஞர் ஜீவனானந்த தாஸ், அடுத்த பிறவியில் வங்க மண்ணுக்கு ஒரு வாத்தாகவும் திரும்பி வரலாம் என்று பாடியவர். வாத்து அந்த மக்களின் மனத்துக்கு அவ்வளவு நெருக்கம்.

குளக்கரையில் பிறக்கும் குஞ்சுக்குத் தாயின் சூடு உண்டு, மண்ணும் நீரும் தரும் இரை உண்டு, கூடப் பிறந்தவற்றின் துணை உண்டு. காக்கி கேம்பல் போன்ற முட்டை இன வாத்துகள் பெரும்பாலும் அடை உட்காராது. அப்போதும் கிராமத்தில் அடைக்கோழியின் கீழ் முட்டையை வைத்து 28 நாளில் பொரிக்க வைப்பார்கள். அந்தக் கோழியே தாயாகிவிடும். அட்டைப்பெட்டியில் நகரத்து வீட்டுக்கு வந்து சேரும் ஒற்றைக் குஞ்சுக்குச் சூடு, இரை, துணை ஆகிய மூன்றுமே இல்லை. அவற்றை நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

முதலில் சூடு. முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடம் ஏறக்குறைய 32 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது, அது வெளிச்சம்தான் தரும். பழைய குண்டு பல்பைப் பெட்டியின் ஒரு மூலையில் தொங்கவிட்டு, மறு மூலையைக் குளிர்ச்சியாக விடுங்கள். குஞ்சு விளக்கடியில் ஒடுங்கிக் கத்தினால் சூடு போதவில்லை. தள்ளிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். துவண்டு கிடக்கும் குஞ்சுக்கு எதையும் ஊட்டும் முன் உடம்பில் சூடு ஏற வேண்டும். குளிர்ந்த உடம்பில் இரை செரிக்காது.

அடுத்தது தண்ணீர். வாத்துதானே என்று தொட்டியில் விடுவதுதான் பல குஞ்சுகளின் உயிரை வாங்குகிறது. தாயோடு நீந்தும் குஞ்சு நனைந்தால் அவள் சிறகடியில் புகுந்து காய்ந்துகொள்ளும். தனிக்குஞ்சு நனைந்து விறைத்துவிடும். அலகும் மூக்குத்துளையும் மூழ்கும் ஆழத்தில் குடிநீர் போதும். கிண்ணத்தில் சில கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் குஞ்சு உள்ளே இறங்காது. தீவனத்தை ஈரமாகவே கொடுங்கள், பக்கத்திலேயே நீரும் இருக்கட்டும். வறட்டுத் தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மிகவும் சோர்ந்த குஞ்சுக்கு வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் குளுக்கோஸ் கலந்து அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாலும் ரொட்டியும் அதன் உணவே அல்ல.

கால் மடங்குவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி காணப்படுபவை. ஒன்று, வழுக்கும் தரை. செய்தித்தாள் மேல் நிற்கும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் அகன்றுபோகும். சணல் சாக்கு விரித்தால் பிடிமானம் கிடைக்கும். இன்னொன்று, நியாசின் என்ற வைட்டமின் பி3 குறைவு. வாத்துக்குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும். இது கோழிக்குஞ்சின் தேவையைவிட மிக அதிகம். கோழித் தீவனமோ வெறும் சோறோ தின்னும் வாத்துக்குஞ்சுக்கு முழங்கால் வீங்கி, கால் வளைந்து, நடை நின்றுபோவது இதனால்தான். பாலிகஞ்சுக் குஞ்சுக்கும் இதே குறை என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன அளவில் ஈஸ்ட் தூளும் வேகவைத்து மசித்த பச்சைப் பட்டாணியும் சேர்த்த பிறகு தானாக எழுந்து நிற்கிறதாம். சீக்கிரம் கவனித்தால் கால் திரும்பும். எலும்பு வளைந்து இறுகியபின் கடினம்.

மழைக்காலத்தில் இன்னும் ஓர் ஆபத்து உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்போதுதான். அந்த நஞ்சுக்கு வாத்துக்குஞ்சு மிக எளிதில் பலியாகும் என்பதால், தீவனத்தில் அது இருக்கிறதா என்று சோதிக்கவே பிறகு ஒரு நாள் வயதான வாத்துக்குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். ஈரம் தாக்கிய, புழுங்கல் வாடை வீசும் தவிட்டையும் பிண்ணாக்கையும் வீணாகிறதே என்று குஞ்சுக்குப் போடாதீர்கள்.

கழுத்து திருகினால், கண் ஒட்டிக்கொண்டால், பச்சையாக நீர்போலக் கழிந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். கொல்கத்தாவில் கால்நடை மருத்துவத்துக்கு நெடிய மரபே இருக்கிறது. பெல்காச்சியாவில் 1893-ல் தொடங்கிய வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரிதான் இன்றைய மேற்கு வங்கக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேர். வாத்து பிளேக் நோய் இந்தியாவில் முதலில் பதிவானதும் 1963-ல் மேற்கு வங்கத்தில்தான். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுக் குஞ்சுக்குப் போடுங்கள். 2008 ஜனவரியில் அந்த மாநிலத்தையே உலுக்கிய பறவைக் காய்ச்சலையும் மறக்க வேண்டாம். குஞ்சைத் தொட்ட கையைக் குழந்தைகள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். அலகில் முத்தமிட வேண்டாம்.

ஏரிக்கரையிலோ மரத்தடியிலோ காட்டு வாத்தின் குஞ்சைப் பார்த்தால் எடுத்து வராதீர்கள். சீழ்க்கைச் சிறகி மரப்பொந்திலும் கூடு கட்டும். அதன் குஞ்சுகள் தாமே குதித்து இறங்கித் தாயின் பின்னால் போகும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்க்க முடியாது.

மிஞ்சியிருப்பது துணை. தனித்த குஞ்சு கத்துவது பசியால் மட்டுமல்ல, கூட்டத்தைத் தேடியும்தான். உயிரைக் காப்பாற்றத் துடிக்கும் பாசம் பெரிது. ஆனால் அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்போதுதான் அது பராமரிப்பு ஆகிறது. சாயம் பூசிக் கூடையில் விற்கும் குஞ்சைப் பார்த்துக் குழந்தை அடம்பிடித்தால், ஒரு நிமிடம் நில்லுங்கள். நல்ல கவனிப்பில் வாத்து பத்து ஆண்டுகூட வாழும். அதற்கு இடமும் நீரும் ஒரு ஜோடியும் தர முடியுமானால் மட்டும் வாங்குங்கள். முடியாதென்றால், குழந்தையின் கையைப் பிடித்து ஒரு குளக்கரைக்கு அழைத்துப் போய், தாயோடு நீந்தும் குஞ்சுகளைக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்