அதட்டினால் மறைப்பார்கள்



அதட்டினால் நோயாளிகள் மறைப்பார்கள் என்று, புற்றுநோயாளிகளின் மாற்று மருத்துவம் குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரை சொல்வது முற்றிலும் உண்மை. கீமோ எடுத்துக்கொண்டிருந்த என் நங்கையாள் முள் சீத்தா இலைக் கஷாயமும் குடித்து வந்தார். மருத்துவர் அதட்டினார், கஷாயம் நிற்கவில்லை, பேச்சுத்தான் நின்றது. கல்லீரல் பரிசோதனை முடிவு சரியில்லாதபோது, கட்டிலோரம் உட்கார்ந்து, "வேற என்னங்கக்கா சாப்பிடறீங்க?" என்று கேட்ட செவிலியரிடம்தான் கஷாயத்தைப் பற்றிச் சொன்னார். மூலிகையில் மருந்தே இல்லை என்றில்லை; புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்து நம்மூர் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதுதான். அதற்காக அந்தச் செடியையே காய்ச்சிக் குடிப்பது ஆபத்து. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் கொங்குச் சனம் கேட்கும்.

கோவை மருத்துவமனைகளில் ஒவ்வொரு கீமோ சுற்றுக்கு முன்பும் நாட்டு மருந்து பற்றிக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தகுதியுள்ள சித்த மருத்துவரையும் ஆலோசனையில் சேர்க்க வேண்டும்.

- வாசகி, அன்னூர்