பனியும் பணமும்

2025ம் ஆண்டு பிப்ரவரி 28ந் தேதி காலையில், பத்ரிநாத்துக்கு அப்பால் எல்லைப்புறத்தில் உள்ள மானா கிராமத்தருகே, மலைச்சரிவிலிருந்து பனி பெயர்ந்து விழுந்து எல்லைச் சாலை ஸ்தாபனத்தின் தொழிலாளர் முகாமை மூடிவிட்டது. ரஸ்தாவில் பனியை அப்புறப்படுத்தும் வேலைக்காக அங்கே தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் அதில் சிக்கினர். ராணுவத்தினரும் மற்றோரும் மூன்று நாள் போராடி 46 பேரை உயிருடன் மீட்டனர். எட்டுப் பேர் மாண்டனர்.

இச்செய்தியில் நமது மனத்தைப் பெரிதும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. விபத்துக்கு முந்திய நாள் மாலையிலேயே, சண்டிகரில் உள்ள ராணுவப் பனி ஆராய்ச்சி நிலையம், சமோலி முதலிய ஜில்லாக்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் 24 மணி நேரத்துக்குள் பனிச்சரிவு ஏற்படக்கூடுமென்று எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை பலித்தது. பலித்தும் பயன் என்ன? எந்தச் சரிவு பெயரும், எந்த முகாமுக்கு ஆபத்து என்று எடுத்துரைக்கும் சக்தி அதற்கு இல்லை. பல ஜில்லாக்களுக்கு ஒரே மூச்சில் ஆபத்து என்றால், கூலிக்கு மண்வெட்டி பிடிப்பவன் எந்தப் பக்கம் ஓடுவான்? சரிவைச் சுட்டிக்காட்டிச் சொல்ல வேண்டுமானால், அந்தந்தச் சரிவில் கருவி வேண்டும். கருவியைக் காக்க ஆள் வேண்டும். ஆள் எழுதி வைத்த பல வருஷக் கணக்கு வேண்டும். இவை மூன்றும் பணத்தால் ஆவன. அந்தப் பணத்தைப் பற்றியே இன்று எழுத நேர்கிறது.

தமிழ் நாட்டில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். ஹிமாலயத்துப் பனியோ குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகப் படிந்து, ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் கிடப்பது. ஒவ்வொரு தடவை பெய்வதும் ஒரு தனி அடுக்கு. அடுக்குகளுக்குள்ளே ஓயாமல் மாறுதல் நடந்துகொண்டிருக்கும். தரைப்பக்கம் சற்றே வெப்பமும் மேற்புறம் கடுங்குளிரும் இருக்குமானால், அடியிலுள்ள பனித்துகள்கள் ஒன்றையொன்று பற்றும் தன்மையை இழந்து, சர்க்கரைப் பரல்களைப் போல் உதிரியாகிவிடுகின்றன. அதன்மேல் கனத்த புதுப்பனி விழுந்தால், பாரம் தாங்காமல் அடி அடுக்கு நொறுங்குகிறது. மேலே இருப்பது பலகை வெடிப்பதுபோல் வெடித்துச் சரிகிறது. 30 டிகிரி முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள மலைப்பக்கங்களிலேயே இது மிகுதி. செயற்கைக்கோள் பனியின் பரப்பைப் படம் பிடித்துக் காட்டும். அடி அடுக்கு எவ்வளவு பலவீனமாயிருக்கிறதென்று அதனால் காட்ட முடியாது. அதற்கு ஒருவன் மலையேறிப் போய்ப் பனியில் குழி தோண்டி, அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

உலகம் வெப்பமேறி வருவதால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. வெப்பம் ஏறினால் பனி குறையும், பனி குறைந்தால் பனிச்சரிவும் குறையுமே என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். தாழ்வான இடங்களைப் பொறுத்தவரையில் அது ஓரளவு மெய்தான். உயர்ந்த இடங்களின் கதை வேறு. வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்கி வருமாதலால், நெடுநாள் வறண்டிருந்துவிட்டு இரண்டொரு நாளில் பனி கொட்டித் தீர்க்கக்கூடும். நடுக் குளிர்காலத்திலேயே பனியின்மேல் மழை பெய்வதும் உண்டு. அந்நீர் உள்ளே கசிந்து அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்திவிடும். வசந்தத்தில் வர வேண்டிய ஈரப் பனிச்சரிவு தை மாசியிலேயே வந்துவிடும். காட்மாண்டுவில் உள்ள சர்வதேச மலைப்பிரதேச ஆராய்ச்சி ஸ்தாபனம் 2025ல் வெளியிட்ட கணக்கின்படி, ஹிந்துகுஷ்-ஹிமாலய வட்டாரத்தில் அந்தக் குளிர்காலத்தில் தரையில் பனி தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 சதவிகிதம் குறைவு. 23 வருஷங்களில் காணாத தாழ்வு அது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக ஏற்பட்ட குறைவு. மானாவில் எட்டுப் பேரைக் கொன்றதும் அதே குளிர்காலந்தான். பனி மிகக் குறைந்த வருஷத்திலும் பனி கொல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மேற்கு ஹிமாலயத்தில் வெப்ப ஏற்றத்தால் பனிச்சரிவுகள் அதிகரித்து வருகின்றனவென்று 2018ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் ஸ்விட்ஜர்லாந்து சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்கள். ஹிமாசலப் பிரதேசத்து மலைச்சரிவில் நின்ற மரங்களின் வளையங்களை எண்ணி, எந்தெந்த வருஷத்தில் பனி மோதி அம்மரங்கள் காயம் பட்டன என்று அவர்கள் கண்டறிந்தார்கள். மரத்தைத் தேடிப் போனதற்குக் காரணம், நீண்ட காலத்துக்குத் தொடர்ச்சியாக மனிதர் எழுதி வைத்த குறிப்பு அங்கே கிடைக்காமையே. நமது மலையில், நமது மரம் எழுதி வைத்ததை, வெளி தேசத்தார் வந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு நமது நன்றி உரியது; நமக்குக் கொஞ்சம் வெட்கமும் உரியது.

பனியைப் பற்றி நம்மவர் அறியவே முற்படவில்லை என்று சொல்வது அநியாயமாகும். 1969லேயே மணாலியில் ராணுவத்தின் தேவைக்காகப் பனி மற்றும் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 2020ல் அது வேறொரு ராணுவ ஆராய்ச்சிச் சாலையுடன் இணைக்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. மேற்சொன்ன எச்சரிக்கையை வெளியிட்டதும் அந்த நிலையந்தான். எல்லையில் நிற்கும் சிப்பாய்க்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் மலையின் வலிமை அதனினும் பெரிதாயிருக்கிறது. 2016ம் ஆண்டு பிப்ரவரி 3ந் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல் நிலையத்தைப் பனி மூடியபோது, மதராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டனர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடிருந்து மீட்கப்பட்டு, பிப்ரவரி 11ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் காலமானதைத் தேசமே கண்ணீருடன் கேட்டது. அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ் நாட்டுப் பிள்ளைகள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலிருந்து போனவர்கள். பிறந்த ஊரில் பனிமலையைக் கண்ணால் கண்டிராதவர்கள். ஆகவே இது வடக்கத்தியார் விஷயம், நமக்கென்ன என்று தமிழர் இருந்துவிடுவதற்கில்லை.

ராணுவத்துக்கு வெளியே உள்ள நிலைமைதான் பரிதாபம். 2005 பிப்ரவரியில் காஷ்மீரத்தில் வால்டெங்கு நாட் என்ற கிராமத்தின்மேல் பனி விழுந்து 150க்கு மேற்பட்ட ஜனங்கள் இறந்தனர். 2022 அக்டோபரில் உத்தரகாசியைச் சேர்ந்த மலையேற்றப் பயிற்சி மாணவர்கள் திரௌபதி கா டண்டா சிகரத்தில் சிக்கி இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். இவர்களெல்லாம் சிப்பாய்கள் அல்லர். இத்தகையோரின் பாதுகாப்புக்கான ஆராய்ச்சி யார் பொறுப்பு என்று கேட்டால், பல இலாகாக்கள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டும்.

பணம் ஒதுக்கவே இல்லை என்பதில்லை. ஹிமாலயத்தின் இயற்கைச் சூழலைக் காப்பதற்கென்று ஒரு தேசியத் திட்டம் வகுக்கப்பட்டு, 12வது ஐந்தாண்டுத் திட்ட காலத்துக்கு 550 கோடி ரூபாய்க்கு 2014ல் அனுமதி கிடைத்தது. ஸ்பிதி பிரதேசத்தில் 13,500 அடிக்கு மேல் ‘ஹிமான்ஷ்’ என்ற நிலையம் 2016ல் ஏற்பட்டது. பனியாற்று ஏரிகள் உடைந்து வெள்ளம் வராமல் தடுக்க, நான்கு ராஜ்யங்களுக்காக 150 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று 2024ல் அங்கீகரிக்கப்பட்டது. இவற்றைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் இந்தப் பணம் வரும் விதத்தைப் பாருங்கள். விபத்து நேர்ந்தால் வருகிறது. திட்டத்தின் ஆயுள் முடிந்தால் போகிறது. மூன்று வருஷத்துக்கு மானியம் பெற்ற ஆராய்ச்சியாளன், முதல் வருஷம் கருவி வாங்குகிறான், இரண்டாம் வருஷம் மலையில் நடுகிறான், மூன்றாம் வருஷம் அறிக்கை எழுதுகிறான். நாலாம் வருஷம் மின்கலம் தீர்ந்து கருவி பனிக்குள் புதைந்து கிடக்கும். சீதோஷ்ண நிலையின் மாறுதலை அறிய முப்பது வருஷக் கணக்கு வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் பொது வழக்கு. மூன்று வருஷக் கணக்குகள் பத்தைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டால் முப்பது ஆகிவிடாது.

இந்தக் கூற்று மிகையென்று நினைப்பவர்கள் டேராடூனைப் பார்க்கட்டும். அங்கே வாடியா ஹிமாலய பூகர்ப்ப ஆராய்ச்சி நிலையத்தில், பனியாறுகளை ஆராய்வதற்கென்றே ஒரு தனிக் கேந்திரம் 2009ல் ஏற்படுத்தப்பட்டது. நாளடைவில் தேசிய நிலையமாக அது வளருமென்று எதிர்பார்த்தனர். 2020ல் விஞ்ஞான இலாகாவின் உத்தரவால் அது மூடப்பட்டது. 2021ம் ஆண்டு பிப்ரவரி 7ந் தேதி, அதே உத்தராகண்டத்தில் ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2 கோடி 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கா, தபோவன் மின்சார நிலையங்களை அழித்து, 200க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. கேந்திரம் மூடப்படாதிருந்தால் அவ்விபத்து நேர்ந்திராதென்று நாம் சொல்லவில்லை. விழுந்ததில் பெரும்பகுதி பாறை. அதை முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகில் எவருக்கும் கைவந்ததில்லை. பதினோரு வருஷம் வளர்த்த செடியைப் பிடுங்கிப் போட்டவர்கள், அதற்கு ஈடாக எதை நட்டார்கள் என்பதே நமது கேள்வி.

இதற்கு நேர் மாறாக ஒரு சிறு தேசம் என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்விட்ஜர்லாந்தில் 1931ல் பனி ஆராய்ச்சிக்கென்று ஒரு கமிஷன் அமைந்தது. டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளுயோக் என்னுமிடத்தில், 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 1936 முதல் குளிர்காலந்தோறும் நாள் தவறாமல் பனியை அளந்து வருகிறார்கள். உலக யுத்தம் வந்தது, அளவு நிற்கவில்லை. யுத்த காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை அந்நாட்டிலும் ராணுவத்தின் கையில்தான் இருந்தது. 1945ல் அதை டாவோஸ் ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அன்று முதல் எச்சரிக்கை பொதுஜனங்களின் சொத்தாயிற்று. இன்று ஏறக்குறைய 190 தானியங்கி நிலையங்களும், கிராமங்களில் சுமார் 200 பார்வையாளர்களும் தரும் அளவுகளைக் கொண்டு, குளிர்காலத்தில் தினம் இரண்டு வேளை நான்கு பாஷைகளில் எச்சரிக்கை வெளியாகிறது. பலன் என்னவென்றால், 1950-51 குளிர்காலத்தில் அந்நாட்டில் பனிச்சரிவுக்கு 98 பேர் பலியாயினர். அதற்கு ஒப்பாகப் பனி கொட்டிய 1999ல், மலைக்கு வருவோர் கூட்டம் பன்மடங்கு பெருகியிருந்தும், 17 பேர். தடுப்புச் சுவர்களும் காடு வளர்ப்பும் இதில் பங்கு பெற்றன. சுவரை எங்கே கட்டுவது என்று சொன்னது டாவோஸ் கணக்கு.

ஏழைத் தேசத்துக்கு இது கட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் போதாதபோது, பனிக்குழி தோண்டவா பணம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் அதே மலையில் நான்கு புண்ணிய ஸ்தலங்களுக்கு ரஸ்தா போடச் சுமார் 12,000 கோடி ரூபாய் மதிப்பிட்டது சர்க்கார்தான். ரோதாங் கணவாய்க்கு அடியில் சுமார் 9 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் 2020ல் திறக்கப்பட்டு, முன்பெல்லாம் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த லாஹூலுக்குக் குளிர்காலத்திலும் வண்டிகள் போகின்றன. ரஸ்தா வேண்டும், சுரங்கமும் வேண்டும். மலை ஜனங்களுக்கு அவை பெரிய உபகாரம். குளிர்காலத்தில் பனிச்சரிவுப் பாதையில் ஜனங்களைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகு, அச்சரிவை அளப்பது அந்த ரஸ்தாவின் செலவிலேயே சேர்ந்தது. பாலம் கட்டுகிறவன் ஆற்றின் வெள்ளமட்டத்தை அளக்காமல் கட்டுவானா?

2023ல் சட்டமான தேசிய ஆராய்ச்சி நிதி ஸ்தாபனத்துக்கு ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி தனியார் முதலியோரிடமிருந்து வர வேண்டியது. மருந்துக்கும் யந்திரத்துக்கும் முதலாளிகள் கொடுக்கலாம், கொடுக்கட்டும். லாஹூல் கிராமவாசியின் தலைமேல் இருக்கும் பனியை அளக்க எந்த முதலாளி முன்வருவார்? லாபம் தராத இக்காரியம் சர்க்காரின் கஜானாவுக்கே உரியது.

ராணுவ ரகசியம் என்ற தடையும் எழும்பும். சியாச்சின் காவல் நிலையங்களின் அளவுகளை ஊரறியச் சொல்லும்படி எவரும் கேட்கவில்லை. பத்ரிநாத் ரஸ்தாவிலும் லாஹூலிலும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக எடுத்த அளவுகளில் ரகசியம் என்ன இருக்கிறது? அவற்றைச் சர்வகலாசாலைகளுக்குத் திறந்துவிட ஒரு கோடி ரூபாயும் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும். அவ்வுத்தரவுடன், வருஷந்தோறும் பட்ஜெட்டில் தனித் தலைப்பின் கீழ், திட்டம் முடிந்தாலும் முடியாத ஒரு தொகை மலை அளவு நிலையங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அத்தொகை பெரிதாயிருக்க வேண்டுமென்பதில்லை. வருஷம் தவறாமல் வர வேண்டும்.

பார்லிமெண்டில் ஹிமாசல, உத்தராகண்ட அங்கத்தினர்கள் விஞ்ஞான மந்திரியிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். டேராடூன் கேந்திரம் மூடப்பட்டபோது மலைமேலிருந்த கருவிகள் இன்று எங்கே இருக்கின்றன? பதினோரு வருஷமாக அவை எழுதிய கணக்கு யார் கையில் இருக்கிறது? பதில் வந்தால் அதை நமது பத்திரிகையில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.