கோல் போடுகிறவரும் தொழிலாளியே

மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் பாலக்காடு, மலப்புரம் மாவட்டங்களில் செவன்ஸ் பந்தாட்டம் களைகட்டிவிடும். அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் மூங்கிலும் பாக்குமரமும் கட்டிக் கேலரி எழுப்புவார்கள். இரவு விளக்கு வெளிச்சத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் இறங்குவார்கள். மன்னார்க்காட்டில் ஆட்டம் என்றால் அகளியிலிருந்தும் ஆள் போகும். பகலெல்லாம் உழைத்த களைப்பையும் பாராமல் சுரம் இறங்கி, டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு நடுநிசியில் வீடு திரும்புகிற தமிழ்த் தொழிலாளர்கள் உண்டு.

அவர்கள் யாரைப் பார்க்கப் போகிறார்கள்? பெரும்பாலும் முன்னணியில் ஆடும் ஆப்பிரிக்க வீரரைத்தான். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், லைபீரியா ஆகிய நாடுகளிலிருந்து இளைஞர்கள் இங்கே வந்து ஆடுகிறார்கள். அவர் பந்தோடு பாய்ந்தால் கேலரியே எழுந்து நிற்கிறது. கோல் விழுந்தால் அவரைத் தோளில் தூக்குகிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு அவர் எங்கே போகிறார், என்ன சாப்பிடுகிறார், கால் முறிந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர் குறைவு. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆப்பிரிக்க வீரர் இந்தியாவுக்கு வருவது புதிதல்ல. 1980களில் நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த சீமா ஒகோரி, கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கும் முன்னணியில் ஆடி நூற்றுக்கு மேல் கோல் போட்டார். கல்கத்தா அவரைத் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. பின்னாளில் ராண்டி மார்ட்டின்ஸ் கோவாவுக்கு வந்து கோல் மழை பொழிந்தார். பெரிய கிளப், பெரிய லீக், ஊரறிந்த பெயர். அவர்கள் கதை அப்படி.

இங்கிருந்து அயல்நாடு போனவர் கதையும் ஒன்று உண்டு. சிக்கிம் மாநிலத்தின் டிங்கிடாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர் பாய்ச்சுங் பூட்டியா. 1997 பெடரேஷன் கோப்பை அரையிறுதியில், சால்ட் லேக் மைதானத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக மூன்று கோல் போட்டவர். 1999இல் இங்கிலாந்தின் பரி கிளப் அவரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. இந்தியாவில் ராஜாவாக இருந்தவர் அங்கே மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் கோலுக்கு 2000 ஏப்ரல் வரை காத்திருந்தார். முழங்கால் காயமும் வாட்டியது. லீக்கில் 37 ஆட்டங்கள், 3 கோல்கள். 2002இல் கிளப்பே பண நெருக்கடியில் சிக்கிய வேளையில் ஊர் திரும்பினார். கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது சின்னக் கணக்குதான். ஆனால் அவர் கையில் ஒப்பந்தம் என்ற காகிதம் இருந்தது. காயம் பட்ட மறுநாள் அவர் வேலையற்றவராகிவிடவில்லை.

செவன்ஸ் ஆட வருகிற ஆப்பிரிக்க இளைஞருக்குக் குறைவது அந்தக் காகிதமே. செவன்ஸ் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அட்டவணைக்குள் வராத ஆட்டம். ஆகவே பதிவு பெற்ற வீரருக்குள்ள பாதுகாப்பு இங்கே வந்து எட்டுவதில்லை. இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று சீசன் முழுதும் இரவு இரவாக ஆட வேண்டும். ஆடினால்தான் பணம். ஏஜெண்ட் வாயால் சொன்னதுதான் கணக்கு. அவர் ஏமாற்றினால் ஊர் திரும்ப விமானச் செலவுக்கும் வழி கிடையாது. தினக்கூலிக்குப் போகிறவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் மண்வெட்டி பிடிக்கிறார், மற்றவர் பந்து உதைக்கிறார். இருவருக்கும் உடம்பே முதல்.

அந்த உடம்பு எப்போது கைவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. பாலக்காட்டுக்காரரான ஆர். தனராஜன் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடிய தடுப்பாட்டக்காரர். 2019 டிசம்பர் 29 இரவு பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலியால் சாய்ந்து உயிர்விட்டார். பெயர் பெற்ற உள்ளூர்க்காரருக்கே இந்த முடிவு என்றால், பாஷை தெரியாத அயலாரின் நிலைமை என்ன?

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது சீசன் பாதியில் நின்றது. ஆப்பிரிக்க வீரர்கள் பலர் மலப்புரம் பகுதி வாடகை அறைகளில் முடங்கினர். ஆட்டமும் இல்லை, பணமும் இல்லை, விமானமும் இல்லை. ஊர் மக்கள் உதவினார்கள். அந்த நல்ல மனத்தை மறக்கக் கூடாது. 2018இல் வெளிவந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்ற மலையாளப் படத்தில், காயம்பட்ட நைஜீரிய வீரரைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிற மலப்புரம் தாயைக் கண்டு கலங்காதவர் இல்லை.

ஆனால் அதே மண்ணில் 2024 மார்ச்சில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அரிக்கோடு அருகே ஒரு மைதானத்தில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் விரட்டி விரட்டி அடித்த காட்சியை நாடே பார்த்தது. தம்மை நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் மாவட்டப் போலீஸ் அதிகாரியிடம் புகார் கொடுத்தார். மறுதரப்பும் தன் நியாயத்தைச் சொன்னது. யார் முதலில் கை நீட்டினார் என்பதைச் சட்டம் தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு மனிதனை நூறு பேர் சேர்ந்து விரட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இதைப் படிக்கும் தமிழர்கள் சற்று யோசிக்க வேண்டும். பிழைக்க வந்த ஊரில் பெயரை விட்டுவிட்டு 'பாண்டி' என்று கூப்பிட்டால் நெஞ்சில் எப்படித் தைக்கும் என்பது தமிழ்த் தொழிலாளிக்குத் தெரியும். அப்படியிருக்க, கேலரியில் உட்கார்ந்து அந்த வீரரின் நிறத்தைச் சொல்லிக் கூச்சலிடுகிறவர்களோடு சேர்ந்து சிரிக்கலாமா? தன் காயத்தை மறந்தவன்தான் பிறர் காயத்தில் சிரிப்பான். அந்தச் சிரிப்புத் தமிழருக்கு ஆகாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு வீரருக்கும் இன்ன தொகை, இத்தனை ஆட்டம் என்று எழுதிய ஒப்பந்தம் வேண்டும். அது அவர் படித்தறியும் மொழியில் இருக்க வேண்டும். சீசன் முழுதுக்கும் விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு மைதானத்திலும் டாக்டரும் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டும். டிக்கெட் வசூலில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே இதற்குப் போதும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 2017இல் 'ஆவாஸ்' காப்பீட்டைக் கொண்டுவந்து, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று அறிவித்த மாநிலம் கேரளம். அந்தக் கருணைக்கு ஆட்டக்காரர்களையும் உட்படுத்துவது பெரிய சிரமமல்ல. நிறத்தைச் சொல்லி ஏசுகிற ரசிகரை உடனே மைதானத்தை விட்டு வெளியேற்றும் துணிவும் அமைப்பாளர்களுக்கு வேண்டும்.

ஊரில் தாயும் தம்பி தங்கைகளும் மணியார்டருக்குக் காத்திருந்த குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். அந்த வீரருக்கும் கடல் கடந்து அப்படி ஒரு வீடு இருக்கிறது. அடுத்த முறை அவர் கோல் போடும்போது கை தட்டுங்கள். ஆட்டம் முடிந்து அவர் நொண்டியபடி வெளியே வரும்போது, "காலுக்கு என்ன ஆயிற்று?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாஷை புரியாவிட்டாலும் கேட்டது அவருக்குப் புரியும்.