அடுக்காமல் விட்ட வரைபடங்கள்

நெய்வேலி டவுன்ஷிப் முதலில் காகிதத்தில் எழுந்தது; பிறகுதான் மண்ணில். பள்ளி எங்கே, கடைத்தெரு எங்கே, நிழலுக்கு மரம் எங்கே என்று வட்டம் வட்டமாக யோசித்தோம். சுரங்கத்துக்காக எழுந்துபோன ஊர்களுக்கு அந்த யோசனையில் கால்பங்குகூடச் செலவிடவில்லை. வரைபடம் போட்டவர்கள், அதைப் பாடமாக நடத்தியவர்கள், அந்தச் சுரங்கத்து நிலக்கரி தந்த மின்சாரத்தில் விளக்கேற்றியவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி.

படங்கள் இல்லாமல் இல்லை. பழுப்பு நிலக்கரியின் ஆழம் சுரங்கத்துறையிடம், புலப்படமும் அ-பதிவேடும் வருவாய்த்துறையிடம், ஏரி வாய்க்கால் நீர்வளத்துறையிடம், பயிர் விவரம் அடங்கலில். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் முறையை இயான் மெக்ஹார்க் 1969-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். அவருக்குக் கண்ணாடித்தாள் போதுமாயிருந்தது. நம்மிடம் செயற்கைக்கோளும் கணினியும் இருந்தும் அடுக்கவில்லை.

நிலக்கரி இருக்கும் இடத்தை மாற்ற முடியாது, உண்மைதான். ஆனால் மேல்மண்ணை எங்கே கொட்டுவது, ஆற்றை எந்த வழியில் திருப்புவது, எந்த ஊரை எப்போது எழுப்பி எங்கே குடிவைப்பது என்பவை மாற்றக்கூடியவை. படங்களைக் கணினியில் அடுக்கும் புவித்தகவல் முறைமைக்கு வேலையே அங்கேதான். நெல், மின்சாரம், நிலத்தடி நீர், குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். கணினி கூட்டித்தான் தரும். அந்த மதிப்பெண்ணை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாத இடத்தில் மின்சாரத்துக்கே முழு மதிப்பெண் விழுந்தது.

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளும் மத்திய அரசின் சுரங்க ஏலப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் நீக்கினார்கள். தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-லேயே வந்தாயிற்று. அதன் எல்லைக்கோட்டை ஏலப் படத்தின்மேல் ஒருமுறை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெல்லின்மேல் பொக்லைன் இறங்கியது, பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட. முன்பே கையகப்படுத்திய நிலம், விதைக்காதே என்றோம் என்றது சுரங்க நிறுவனம். மழை வந்தால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் என்ற கவலையும் பொய்யல்ல. உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. பயிர் நிற்பது செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியும். அறுவடை மாதத்தை அடங்கல் சொல்லும். அந்த அடுக்கைப் பார்த்து வேலை நாளைக் குறித்திருக்க வேண்டும். நம்மில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பயிர் விழுந்த பிறகு வீடியோவை மட்டும் பகிர்ந்தோம்.

அடுத்த விரிவாக்கத்துக்குக் கோடு போடுமுன், எல்லா அடுக்கும் சேர்ந்த படத்தையும் ஒவ்வொன்றுக்கும் இட்ட மதிப்பெண்ணையும் தமிழில் அச்சிட்டு, அந்தந்த ஊர் கிராமசபை கூடும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். சர்வே எண்ணைப் பார்த்துத் தன் வயலைக் கண்டுபிடிக்க அங்கே எல்லோருக்கும் தெரியும்.